வீட்டில் போனுக்கு எல்லை வைப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

"என் பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் கொடுக்கலாம்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலான பெற்றோர் ஆரம்பிக்கிறார்கள். பதில் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வகுத்த வழிகாட்டுதல்படி இரண்டு வயது வரை திரையே வேண்டாம், வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். பத்துக்கு மேல் கறாராக எண் எதுவும் சொல்லவில்லை. தூக்கம், விளையாட்டு, படிப்பு, வீட்டாரோடு பேச்சு இதெல்லாம் கெடாத அளவுக்கு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சின்னக் குழந்தைகளுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவற்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நிமிஷத்தை எண்ண ஆரம்பித்த வீட்டில் நாள் முழுக்க வாக்குவாதம்தான். "இப்பதான் எடுத்தேன்", "பொய் சொல்லாதே, அரை மணி ஆச்சு", "நடுவுல விளம்பரம் வந்துச்சு, அதைக் கழிங்க". எங்கே போன் கூடாது, எந்த வேளையில் கூடாது என்று முடிவு செய்வது இதைவிடச் சுலபம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறதா இல்லையா என்பதில் வாதாட ஒன்றுமில்லை, பார்த்தாலே தெரியும். அதனால் முதலில் இடம், அடுத்து வேளை, அப்புறம் போனுக்குள் இருக்கும் செட்டிங்ஸ், நிமிஷக் கணக்கு கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது நிறைய வீடுகளில் நடப்பதுதான். செவ்வாய்க்கிழமைக்குள் அது வெளியே வந்துவிடும், ஏனென்றால் ஹோம்வொர்க் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கும். ஆகவே முதல் வாரம் எதையும் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியும் ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியும் இருக்கின்றன. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போயிற்று, போனை எத்தனை தடவை திறந்தார்கள் என்று அங்கே தெரியும். அதோடு, எந்த வேளையில் போன் பிள்ளை கைக்குப் போகிறது என்று நீங்களும் எழுதிவையுங்கள். கிழித்த தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

ஒரு வாரத்தில் படம் தெளிவாகிவிடும். சாயங்காலம் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிப் பசியோடு வீட்டுக்குள் வரும் நேரம், வீட்டில் யாரும் அவனோடு உட்கார முடியாத நேரம், ஒன்று. அம்மா சமையலறையில், அப்பா இன்னும் வரவில்லை, மாத்ஸ் ஹோம்வொர்க் பிடிக்கவில்லை, இது இன்னொன்று. படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு மூன்றாவது. பொழுது காலியாக இருக்கும் இடத்தில்தான் போன் வந்து உட்காருகிறது. அந்தத் தாளில் ஒவ்வொரு வேளைக்கும் பக்கத்தில், போன் இல்லையென்றால் அவன் அந்த நேரத்தில் என்ன செய்வான் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றாத வேளைதான் உங்களுக்குக் கஷ்டமான வேளை. அதை முதலில் தொட வேண்டாம், சுலபமானதில் ஆரம்பிக்கலாம்.

பிள்ளையைக் கூப்பிடும் முன் பெரியவர்கள் பேசிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் மற்றதெல்லாம் நிற்பதில்லை. அப்பா ராத்திரி பதினொரு மணி வரை கட்டிலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே "போனை வைடா" என்றால் எந்தப் பிள்ளையும் வைக்காது, வைக்க வேண்டிய நியாயமும் இல்லை. எந்த விதியைப் போட்டாலும் அது பெரியவருக்கும் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் கால் வரும், டியூட்டி இருக்கிறது, ஊரிலிருந்து அவசரமாகக் கூப்பிடுவார்கள், எல்லாம் சரி. அதற்குப் போன் சத்தம் கேட்கும்படி ஹாலில் இருந்தால் போதும், கையில் இருக்க வேண்டியதில்லை.

அடுத்து தாத்தா பாட்டி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளை அவர்களிடம்தான், முட்டி வலியோடு நான்கு வயதுக் குழந்தையின் பின்னால் ஓட முடியாத பாட்டிக்கு யூடியூப் எவ்வளவு பெரிய உதவி என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள். "அம்மா, மத்தியானம் கொஞ்ச நேரம் டிவியில வேணா போட்டு விடுங்க, சாப்பாட்டுக்கு மட்டும் போன் வேண்டாம்மா" என்ற அளவில் இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இதைப் பாட்டியின் பிள்ளைதான் சொல்ல வேண்டும். மாமியாரிடம் மருமகள் சொன்னால் பேச்சு போனை விட்டுவிட்டு வேறெங்கோ போகும்.

டிவி பரவாயில்லையா என்று கேட்பீர்கள். என் கணக்கில் ஹாலில் இருக்கும் டிவி, கையில் இருக்கும் போனைவிட எவ்வளவோ மேல். என்ன ஓடுகிறது என்று சமையலறையிலிருந்தே காதில் விழும், தம்பியும் பக்கத்தில் உட்காருவான், ரிமோட்டுக்குச் சண்டை போடுவார்கள், படம் முடிந்தால் முடிந்துவிடும். போனில் முடிவே கிடையாது. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006-ல் உருவாக்கிய அஸா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். இதில் பெரியவர்களே தடுமாறும்போது ஏழு வயதுக்காரன் தானாக நிறுத்துவான் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

போனுக்கு ஒரு இடம்

எல்லா விதிகளையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஹாலில் ஒரு பிளக் பாயிண்ட், பக்கத்தில் ஒரு ஸ்டூலோ அலமாரித் தட்டோ. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் அங்கே சார்ஜில் போய்விட வேண்டும், காலையில் பல் தேய்த்து யூனிஃபார்ம் போடும் வரை பிள்ளைகளின் போன் அங்கேதான். பெட்ரூமுக்குள் சார்ஜரே இருக்கக் கூடாது.

உடனே வரும் ஆட்சேபம், "அலாரம்?" என்பது. பாத்திரக் கடையிலோ எலக்ட்ரிகல் கடையிலோ கிடைக்கும் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி வையுங்கள். "ஃபிரெண்டு நோட்ஸ் அனுப்புவான்" என்பது அடுத்தது. ஒன்பதுக்கு முன்னால் அனுப்பச் சொல்லு, இல்லையென்றால் காலையில் பார்த்துக்கொள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ராத்திரி கிளாஸ் வீடியோ பார்த்துப் படிக்கிறார்கள் என்றால் ஹால் மேஜையில் உட்கார்ந்து பார்க்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் பார்ப்பதுதான் பிரச்சனை, ஏனென்றால் அங்கே முதலில் அடிபடுவது தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து டியூஷன் போகிறவன் பதினொன்றரைக்குத் தூங்கினால் கணக்கு எங்கே வரும்?

முதல் நாள் இப்படித்தான் இருக்கும்: எட்டு ஐம்பதுக்கு நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள், ஒன்பதுக்குப் பெண் "ஒரே ஒரு மெசேஜ்மா" என்பாள், ஒன்பது பத்துக்கும் அது முடிந்திருக்காது. அப்போது கத்த வேண்டாம், கையிலிருந்து பிடுங்கவும் வேண்டாம். உங்கள் போனை எடுத்துக்கொண்டுபோய் அவள் கண்ணெதிரே ஸ்டூலில் வைத்து வயரைச் செருகிவிட்டு, "உன்னோடதும் வந்தா ஹால் லைட்டை அணைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். இரண்டு நிமிஷம் சங்கடமாக இருக்கும். அப்புறம் வந்துவிடும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வரும், பரவாயில்லை.

இரண்டாவது இடம் சாப்பாடு. ஒரு வேளையாவது, பெரும்பாலான வீடுகளில் ராத்திரி, எல்லாரும் ஒன்றாகத் தரையிலோ மேஜையிலோ உட்கார்ந்து போன் இல்லாமல் சாப்பிடுவது. மூன்றாவது பாத்ரூம். இதற்கு விளக்கம் வேண்டாம்.

போன் காட்டி ஊட்டும் வீடுகளுக்கு

இரண்டு வயதுக் குழந்தை, மடியில் கிண்ணம், எதிரில் சொம்பில் சாய்த்து வைத்த போன், ரைம்ஸ் பாட்டு, திறந்த வாயில் ஒவ்வொரு வாயாகப் பருப்பு சாதம். பாட்டு நின்றால் வாய் மூடிவிடும். இந்தக் காட்சி இல்லாத தெரு இல்லை. இதில் கவலைப்பட வேண்டியது கண் மட்டும் இல்லை. வயிறு நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளும் உணர்வு குழந்தைக்குப் பழகாமல் போகிறது. என்ன சாப்பிடுகிறோம் என்றே அதற்குத் தெரிவதில்லை.

மாற்றுவதற்கு ஒரு வேளையை மட்டும் எடுங்கள். காலை இட்லி நல்லது, ஏனென்றால் குழந்தை தானாகவே பிய்த்துச் சாப்பிடலாம். வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவு தட்டில் வைத்து, நீங்களும் உங்கள் தட்டோடு எதிரில் உட்காருங்கள், கொஞ்சம் சிந்தினாலும் விடுங்கள். அரை மணிக்குள் எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தாலும். முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடும், அம்மாக்களுக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருக்கும். ஆரோக்கியமான குழந்தை அடுத்த வேளையில் ஈடு செய்துகொள்ளும். எடை ஏற்கெனவே குறைவு, அல்லது வேறு உடல்நலக் காரணம் இருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். காலை பழகியபின் ராத்திரி, அப்புறம் மத்தியானம்.

அழுகை கூடும், தெரிந்தே ஆரம்பியுங்கள்

எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் புது எல்லை வைத்த முதல் சில நாட்களில் அடம் குறையாது, கூடும். இதுவரை அழுதால் கிடைத்துக்கொண்டிருந்தது கிடைக்கவில்லை, அதனால் இன்னும் பலமாக அழுது பார்க்கிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் வீடுகள் கவிழ்கின்றன. நாலாவது நாள் விருந்தாளிகள் முன்னால் முக்கால் மணி நேரம் அழுத குழந்தைக்குப் போனைக் கொடுத்துவிட்டால், முக்கால் மணி நேரம் அழ வேண்டும் என்று அது கற்றுக்கொள்கிறது. ஆகவே ஆரம்பிக்கும் நாளைப் பார்த்து எடுங்கள்: வீட்டில் கல்யாணம், காய்ச்சல், பரீட்சை, இவை இல்லாத இரண்டு வாரம். பயணத்திலும் கல்யாண மண்டபத்திலும் என்ன விதி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு மணி நேர ரயில் பயணத்தில் ஒரு படம் பார்ப்பது என்று நீங்களே முதலில் சொன்னால் அது சலுகை, அழுத பிறகு கொடுத்தால் தோல்வி.

போன் போன இடத்தில் ஏதாவது வைக்க வேண்டும். வெளியே விளையாட்டுதான் முதல் தேர்வு, காரணம் கண். சீனாவின் குவாங்சோ நகரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டு மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. நம் ஊர் வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மொட்டை மாடியோ தெருவோ எதுவானாலும் சரி. அதற்கு இடமில்லாத அபார்ட்மெண்ட் என்றால் கடைக்கு அனுப்புங்கள், கூடவே நடந்து போங்கள். "போர் அடிக்குது" என்று வந்து நின்றால் உடனே எதையாவது ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியதும் இல்லை, கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.

இப்போது செட்டிங்ஸ்

நம் வீடுகளில் பாதிப் பிரச்சனை, பிள்ளையின் போன் என்று தனியாக ஒன்று இல்லாததுதான். அம்மாவின் போனில்தான் எல்லாம், அதே போனில் வங்கி ஆப்பும் இருக்கிறது. அப்படியானால்:

- 'ஆப் பின்னிங்' என்று ஆண்ட்ராய்டில் ஒரு வசதி இருக்கிறது, ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்'. ஒரே ஒரு ஆப்பைத் திறந்து பூட்டிக் கொடுத்துவிடலாம், வெளியே வரும்போது பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்துவிட்டால் அதைப் போடாமல் வெளியே வர முடியாது. சாம்சங் போனில் 'சாம்சங் கிட்ஸ்' தனியாகவே இருக்கிறது.
- பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின்னைப் பிள்ளை பார்க்கும்படி அடிக்காதீர்கள், "நீயே போட்டு அனுப்புடா" என்ற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.
- யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள். வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திப் பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும், தேடினால்தான் வீடியோ வரும். எனக்குத் தெரிந்து இவ்வளவு சின்ன மாற்றத்தில் இவ்வளவு பெரிய பலன் வேறெதிலும் இல்லை.
- எட்டு வயதுக்குள் என்றால் யூடியூப் கிட்ஸ் போடுங்கள், போட்டதோடு விடாமல் அதற்குள் தேடலை அணைத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் வரும்படி வையுங்கள்.

பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போன் இருந்தால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' இலவசம். எந்த ஆப்பை இறக்கினாலும் உங்கள் சம்மதம் கேட்கும், ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: அந்தப் போனில் டேட்டா பேக் இல்லாமல் பேசும் வசதி மட்டும் வைத்து, இன்டர்நெட் வேண்டுமானால் வீட்டு வைஃபையோ உங்கள் ஹாட்ஸ்பாட்டோ. தினமும் இரண்டு ஜிபி தரும் பேக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு எல்லை வைப்பது நடக்காத காரியம்.

இதெல்லாம் ரகசியமாகச் செய்ய வேண்டாம். என்ன போட்டிருக்கிறேன், எதற்கு என்று சொல்லியே போடுங்கள். ஒளித்து வேவு பார்க்கும் ஆப்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கண்டுபிடித்த அன்றே பிள்ளை இன்னொரு கணக்கைத் திறக்கும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஹோம்வொர்க் குரூப் விஷயம் தனி. அது பெற்றோர் போனில் மட்டும் இருக்கட்டும், சாயங்காலம் ஒரு முறை பார்த்து டைரியில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அதோடு போன் திரும்ப வந்துவிட வேண்டும். குரூப்பைப் பார்க்கிறேன் என்று வாங்கிய போன்தான் முக்கால்வாசி ஷார்ட்ஸில் முடிகிறது.

இன்ஸ்டாகிராம் கேட்கும் வயது

"எல்லாரும் வச்சிருக்காங்கம்மா, எனக்கு மட்டும்தான் இல்ல." ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும் இந்த வசனம். இன்ஸ்டாகிராமின் சொந்த விதிப்படியே 13 வயது ஆக வேண்டும், அதைச் சொல்லித் தள்ளிப் போடலாம். "எல்லாரும்" என்பது உண்மையில் நாலு பேர். அந்த நாலு பேரின் அம்மாக்களிடம் பேசி, ஒன்பதாம் வகுப்பு வரை யாருக்கும் வேண்டாம் என்று சேர்ந்து முடிவு செய்தால் வேலை பாதி முடிந்தது. ஒரு வீடு தனியாகப் பிடிக்கும் பிடியைவிட நான்கு வீடு சேர்ந்து பிடிப்பது சுலபம், பிள்ளைக்கும் ஒதுக்கப்பட்ட உணர்வு இராது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் முக்கியமான சோஷியல் மீடியா தளங்களில் கணக்கே கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது; அங்கே அபராதம் கம்பெனிகளுக்குத்தான், பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கிடையாது. இங்கே 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: உண்மையான பிறந்த தேதி. பிள்ளைகள் பெரும்பாலும் 2000, 2002 என்று ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டு நுழைகிறார்கள், இன்ஸ்டாகிராம் அவர்களைப் பெரியவராக எடுத்துக்கொள்கிறது. சரியான தேதி இருந்தால் 'டீன் அக்கவுண்ட்' ஆகிவிடும், இந்தியாவில் இது 2025 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட், தொடர்பில் இல்லாத ஆட்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டும், ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை அறிவிப்புகள் வராது, 16 வயது வரை இவற்றைத் தளர்த்த உங்கள் அனுமதி வேண்டும். ஏற்கெனவே பொய்த் தேதியில் இருக்கும் கணக்கா? பக்கத்தில் உட்கார்ந்து சரி செய்யுங்கள், திட்டாமல்.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குள் போய், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள், தெரியாத எண்களிலிருந்து வரும் கால்களைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். ஸ்கூல் யூனிஃபார்ம், ஐடி கார்டு, வீட்டு வாசல் தெரியும் போட்டோ ஸ்டேட்டஸில் வேண்டாம். இது பெற்றோருக்கும் சேர்த்துத்தான், பிறந்தநாள் போட்டோவோடு ஸ்கூல் பெயரையும் போடுகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, நாம்தான்.

கேம் ஆடுகிறவன்

ஃபிரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ ஆடும் பையனிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் எரிச்சல்தான் மிஞ்சும். பிஜிஎம்ஐ மேட்ச் ஒன்று அரை மணி நேரம் வரை போகும், நடுவில் விட்டால் டீமில் மூன்று பேர் திட்டுவார்கள். "இந்த மேட்ச்சோட வச்சிடு" என்று சொல்லுங்கள், முடியும்போது பக்கத்தில் இருங்கள். ஹெட்செட்டில் யாரோடு பேசுகிறான் என்று கேளுங்கள், அவ்வப்போது ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யார் யார் பேசுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். காசு வைத்து ஆடும் கேம் என்றால் பேச்சே இல்லை, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது.

மிரட்டல் வந்தால்

யாரோ ஒருவன் பெண் பெயரில் பேசி, போட்டோ வாங்கி, "உன் ஸ்கூல் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று பணம் கேட்பது இப்போது பையன்களுக்கும் நடக்கிறது. இதற்கான பேச்சை எதுவும் நடக்காத ஒரு நல்ல நாளில் பேசிவிடுங்கள். "என்ன ஆனாலும் முதல்ல எங்ககிட்ட வா, போனைப் புடுங்க மாட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள், மறைக்கும் நாட்களில்தான் காரியம் கெடுகிறது.

நடந்துவிட்டால்: பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மறுபடி கேட்பான். எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஐடியும் நம்பரும் தெரிகிற மாதிரி. அப்புறம்தான் பிளாக். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் எடுக்கும். போலீஸ் ஸ்டேஷன் என்றால் பிள்ளையை அங்கே உட்கார வைப்பார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு: பாலியல் சம்பந்தப்பட்ட குற்றம் என்றால் குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும், அதன்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை பெண் எஸ்ஐ, யூனிஃபார்ம் இல்லாமல்.

வீட்டில் தீராது என்று எப்போது தெரியும்?

போனை வாங்கினால் பொருட்களை உடைப்பது, சாப்பாடும் குளியலும் மறந்து போவது, ராத்திரி முழுக்க விழித்திருந்து ஸ்கூலுக்குப் போக மறுப்பது, பழைய நண்பர்களை எல்லாம் விட்டுவிடுவது, வாரக்கணக்கில் இப்படியே போனால் எல்லையைக் கூட்டிப் பயனில்லை, உதவி கேளுங்கள். சில சமயம் போன் காரணமாக இருக்காது. ஸ்கூலில் யாரோ கேலி செய்கிறார்கள், படிப்பு ஏறவில்லை, மனம் சோர்ந்திருக்கிறது, அதிலிருந்து ஒளிய போன். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், இது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' என்ற கிளினிக்கை 2014-லிருந்து நடத்துகிறார்கள்.

இன்னொன்று. போட்ட விதிகளைக் காலாண்டு லீவிலும் அரையாண்டு லீவிலும் மறுபடி எடுத்துப் பேசுங்கள், பன்னிரண்டு வயதுக்கு வைத்தது பதினைந்துக்குப் பொருந்தாது. பிள்ளை ஏதாவது மாற்றம் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வரை, அல்லது புதிதாக ஒரு ஆப். மூன்று மாதம் போன் ஒழுங்காக ஸ்டூலுக்கு வந்திருந்தால் அதில் ஒன்றையாவது கொடுத்துவிடுங்கள், எதைக் கொடுத்தீர்கள் என்று அந்தக் காலண்டர் தாளிலேயே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், அடுத்த லீவு வரை அதுதான் விதி.